பிரசவ அறைப் பூட்டில் குளவி

ஒத்தவேலம்பட்டித் துணை சுகாதார நிலையத்தில் பிரசவ அறை கட்டி முடிந்தபோது அதில் ஒரு குறையும் இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கட்டில் இருந்தது. கட்டிலுக்கு மேல் விளக்கு இருந்தது. சுவரில் சிரிக்கிற குழந்தையின் படம்கூட இருந்தது. கதவைப் பூட்டி, பூட்டுக்குத் துணி சுற்றி அரக்கு முத்திரை வைத்து, சாவியைக் கட்டடப் பிரிவு எடுத்துக்கொண்டு போனது. திறப்பு விழாவுக்குத் தேதி கேட்டு ஒரு கோப்பு மேலே போயிற்று. தேதி கீழே வருவதற்குள் குளவி வந்துவிட்டது. அது தேதி கேட்கவில்லை.

துணி கிழிந்த இடத்தில் நுழைந்து, சாவித் துவாரத்தில் முட்டையிட்டு, பிள்ளைக்குத் தின்ன ஒரு பச்சைப்புழுவையும் திணித்து, மண்ணால் அடைத்துவிட்டது. அடைத்ததன் மேல் இன்னோர் அறை எடுக்கவும் ஆரம்பித்தது.

இதை முதலில் பார்த்தவர் கிராம சுகாதாரச் செவிலியர் மணிமேகலை. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை உண்டாகும் என்பது இந்தப் பக்கத்தில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மருமகள் வந்த வீட்டில் கூரை மூலையை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உறவுக்காரர்கள் காப்பியே குடிப்பார்கள். அப்படிப்பட்ட கூடு பிரசவ அறையின் பூட்டிலேயே இருக்கும்போது அதைக் கம்பியால் குத்த மணிமேகலைக்குக் கை வரவில்லை. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அவர் நேர்மையானவர். "பூட்டில் குளவிக் கூடு உள்ளது, என்ன செய்யலாம்?" என்று மேலே எழுதிக் கேட்டுவிட்டார்.

கேட்காமல் இருந்திருந்தால் அது கூடு. கேட்டதும் அது விவகாரம்.

விவகாரத்தில் மாட்டிக்கொண்டவர் பெலிக்ஸ். கறம்பக்குடிச் சந்தையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் மொபெட்டில் கொசுவலை விற்பவர். அவருடைய மனைவி ஷர்லிக்கு அப்போது எட்டாம் மாதம். முதல் குழந்தை புதுக்கோட்டைக்குப் போகிற வழியில், ஆம்புலன்ஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கிய நேரத்தில் பிறந்தது. ஏறும்போது இருவர், இறங்கும்போது மூவர் என்று பெலிக்ஸ் அதை ஊரெல்லாம் வேடிக்கையாகச் சொல்வார். ஷர்லி சிரிப்பதில்லை.

"இந்தத் தடவை ரோட்டுல பெக்க மாட்டேன்" என்று ஷர்லி சொல்லியிருந்தாள். "பக்கத்துல ரூம்பு கட்டி வச்சிருக்காங்க. அதைத் தொறக்கச் சொல்லுங்க. அத்தனை வீட்டுக் கதவைத் தட்டி வலை விக்கிறீங்க, இந்த ஒரு கதவைத் தட்ட முடியாதா?"

பெலிக்ஸ் முதலில் தட்டியது கட்டடப் பிரிவுப் பொறியாளர் அரவிந்த்குமாரின் கதவை.

அரவிந்த்குமார் மேசைமேல் ஒரு சுற்றறிக்கையை விரித்தார். அரசுக் கட்டடங்களில் உயிரினங்கள் ஏற்படுத்தும் அமைப்புகள் பற்றியது. அமைப்பு நோக்கத்தோடு கட்டப்பட்டது என்றால் அது அனுமதியற்ற கட்டுமானம். கட்டடப் பிரிவு இடிக்க வேண்டும். நோக்கம் எதுவும் இல்லாமல் தானாகச் சேர்ந்தது என்றால் அது குப்பை. துப்புரவுப் பிரிவு அள்ள வேண்டும்.

"இது கட்டடமே கிடையாது தம்பி" என்றார் பொறியாளர். "மண்ணு, எச்சி. ரெண்டும் சேந்தா காஞ்சு ஒட்டிக்கிரும். ஒரு பிளான் இருக்கா? பேஸ்மட்டம் இருக்கா? இயற்கைல நோக்கம்னு ஒண்ணு கெடையாது. நான் பள்ளிக்கூடத்துலயே படிச்சுட்டேன்."

"அளவு பாத்துக் கட்டுற மாதிரி இருக்கே சார்."

"அளவு நம்ம கண்ணுல இருக்கு. அங்கிட்டு ஒண்ணும் இல்ல. நீங்க துப்புரவுப் பிரிவுக்குப் போங்க."

"பூட்டை அறுத்துட்டா? புதுப் பூட்டு நான் வாங்கித் தாரேன் சார்."

பொறியாளர் பெலிக்ஸைப் பரிதாபமாகப் பார்த்தார். "பூட்டு எஸ்டிமேட்டுல வருது. அதை அறுத்தா அது முடியாத கட்டடம் ஆயிரும். முடியாத கட்டடத்தை எப்படித் தொறக்கிறது?"

துப்புரவு ஆய்வாளர் ரெங்கசாமி நேரிலேயே வந்து பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தாழ்வாரத்தில் ஏறினார். கூட்டை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இதைப் போயிக் குப்பைங்கிறாங்களே, மனசு வருதா? பிள்ளைக்கு ரூம்பு, ரூம்புக்குள்ள சாப்பாடு, மேல மூடி. இதெல்லாம் மேல ஒருத்தன் ஒக்காந்து யோசிச்சுச் செஞ்ச வேலைங்க. குப்பை தன்னத்தானே மூடி வச்சு எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? எங்க லாரியையே நாங்க மூடுறதில்ல."

"அப்ப யாருங்க எடுக்கிறது?"

"இது அறிவோட கட்டுன கட்டடம். கட்டடப் பிரிவுதான் இடிக்கணும். எம்மேல இந்தப் பாவம் வேண்டாம்."

பெலிக்ஸ் வியாபாரி. ஒருவர் சரக்கு மட்டம் என்கிறார், இன்னொருவர் இவ்வளவு உசந்த சரக்கு நமக்குக் கட்டுப்படியாகாது என்கிறார். இரண்டு பேருமே வாங்குகிறவர்கள் இல்லை என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. ஒருவருக்குப் பொருள்முதல்வாதமும் மற்றவருக்கு இறைநம்பிக்கையும் இவ்வளவு ஆழமாக வேரூன்றியிருப்பது அந்த இரண்டு அலுவலகங்களிலும் அதுவரை யாருக்கும் தெரியாது.

இரண்டு பிரிவும் எழுதியனுப்பிய கருத்துகள் முரண்பட்டதால், சுற்றறிக்கையின் கடைசிப் பத்தியின்படி கோப்பு உயிர்க் காரண நிர்ணய மையத்துக்குப் போனது. கோப்புக்குப் பின்னாலேயே பெலிக்ஸும் பஸ் மாறிப் போனார்.

மையம் திருமயத்தைத் தாண்டி நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. அங்கே இரண்டு பிரிவுகள். உயிர்களில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு நோக்கத்துக்காக வடிவமைக்கப்பட்டது என்று நிறுவுவது நோக்கப் பிரிவு. தலைவர் முனைவர் குழந்தைசாமி. எல்லாம் அணுக்கள் முட்டிக்கொள்வதால் நேர்வது, நோக்கம் என்பது பிரமை என்று நிறுவுவது பருப்பொருள் பிரிவு. தலைவர் முனைவர் எழிலரசன். இடப்பற்றாக்குறையால் இரண்டு பிரிவும் ஒரே அறையில் இருந்தன. நடுவில் ஒரு பீரோ. ஒரே பிளாஸ்கிலிருந்து இருவருக்கும் டீ ஊற்றப்பட்டது.

பெலிக்ஸ் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைத்தார்.

"வாங்க, ஒக்காருங்க" என்றார் குழந்தைசாமி. "பலாப்பழம் பார்த்திருக்கிறீர்களா?"

"எங்க பக்கம் அதுதாங்க."

"காம்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் பழம் கனக்கும். இது வடிவமைப்பு இல்லாமல் வேறென்ன?"

"சில பழம் அத்துக்கிட்டு விழுகுதுங்களே."

"அது விழுவதற்காக வடிவமைக்கப்பட்ட பழம்" என்றார் குழந்தைசாமி. "இருபது ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன். என் கொள்கைக்குப் பொருந்தாத ஒரு பழத்தைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை."

பீரோவுக்கு அந்தப் பக்கமிருந்து எழிலரசன் தொண்டையைச் செருமினார். "இங்கிட்டு வாங்க தம்பி. அவர் சொல்வதெல்லாம் உணர்ச்சி. எந்தப் பொருளையும் பிரித்துப் பாருங்கள். கூடா? மண், நீர், உமிழ்நீர். பிரித்த பிறகு விளக்குவதற்கு மிச்சம் என்று ஒன்றும் இருக்காது. ஒருமுறை என் மனைவி அழுதார். இது உப்புத்தண்ணீர் என்று எடுத்துச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என் முன்னால் அழுததே இல்லை. சரியான விளக்கம் கிடைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும்."

பெலிக்ஸ் அந்த அம்மாளை நினைத்துக்கொண்டார்.

"நீங்கள் என்ன தொழில்?" என்று கேட்டார் குழந்தைசாமி.

"கொசுவலை விக்கிறேங்க."

"நல்லது. கொசு எதற்காக இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்?"

பெலிக்ஸ் யோசித்தார். "எனக்காகத்தாங்க இருக்கும்."

குழந்தைசாமி இதைக் குறித்துக்கொண்டார். தன் ஆய்வில் பொதுமக்கள் கருத்து என்ற பகுதி வெகுநாளாகக் காலியாக இருந்ததாகச் சொன்னார்.

"ஐயா, எம் பொஞ்சாதிக்கு நாள் நெருங்குது" என்றார் பெலிக்ஸ். "அது நோக்கமோ மண்ணோ, ரெண்டுல ஒண்ணு எழுதிக் குடுத்திங்கன்னா ரூம்பைத் தொறந்துருவாங்க."

இரண்டு பேரும் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டுல ஒண்ணா?" என்றார் எழிலரசன். "அப்படி முடிவு செய்துவிட்டால் ஒரு பிரிவை மூட வேண்டி வருமே. அவர் எழுதாவிட்டால் நான் எதை மறுப்பேன்?"

"நான் எழுதுவதே அவர் மறுப்பார் என்ற நம்பிக்கையில்தான்" என்றார் குழந்தைசாமி.

கள ஆய்வு செய்வது என்று முடிவாயிற்று. அதுவரை கூட்டுக்கு எந்த இடைஞ்சலும் வரக் கூடாது என்று ஒத்தவேலம்பட்டிக்குத் தகவல் போனது. பிரசவ அறைக்கு முன்னால் கயிறு கட்டினார்கள். வெயிலில் மண் வெடித்துவிடாமலிருக்கப் பூட்டுக்கு நேராக ஒரு சின்னப் பந்தல் போட்டார்கள். கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது தாழ்வாரத்தின் மறுகோடிக்கு மாறியது. அங்கே பந்தல் கிடையாது.

ஷர்லி அந்தக் கயிற்றைப் பார்த்துவிட்டு, "மாசமா இருக்கிறது நானா, குளவியாக்கா?" என்று மணிமேகலையிடம் கேட்டாள்.

"பேசாம இரு தாயி. எல்லாம் நான் எழுதுன எழுத்து" என்றார் மணிமேகலை.

சட்டப்படி எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டும். அறிவிப்பை யார் பெயருக்கு எழுதுவது என்பதில் இரண்டு பிரிவும் கடுமையாக மோதி, கடைசியில் 'கூட்டைக் கட்டியவர் அல்லது கூடு உண்டாகக் காரணமானது' என்று ஒத்துப்போயின. மையத்தின் உதவியாளர் அறிவிப்பைக் கதவில் ஒட்டிவிட்டு, வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டார். யாரும் ஆஜராகவில்லை. ஆனால் அவர் பசை போட்ட இடத்துக்குப் பக்கத்தில் மறுநாள் இன்னோர் அறை எழும்பியிருந்தது. இது குளவியின் எதிர்மனுவா என்று ஆராய மேலும் அவகாசம் கேட்கப்பட்டது.

இதற்கிடையில் மாநில அளவில் ஒரு கருத்தரங்கு அறிவிக்கப்பட்டது. இப்படி ஓர் அரிய அமைப்பு எந்தப் பிரிவின் பொறுப்பில் உள்ளதோ அந்தப் பிரிவின் அதிகாரிக்கு மேடையில் கேடயம் வழங்கப்படும் என்று அதில் இருந்தது.

அடுத்த நாள் காலையில் பொறியாளர் அரவிந்த்குமார் கயிற்றுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இதைக் கட்டடம் இல்லேன்னு எவன் சொன்னது?" என்று அவர் பெலிக்ஸிடம் கேட்டார். "செவுத்தைப் பாருங்க தம்பி. ஒரு வெடிப்பு உண்டா? கலவை சரி, பூச்சு சரி. எங்க காண்ட்ராக்டரு கட்டுன எதுவும் ஒரு மழைக்கு மேல நின்னதில்ல. இது அறிவோட கட்டுனது. எங்க பிரிவுதான்."

கொஞ்ச நேரத்தில் ரெங்கசாமி வந்தார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றவில்லை. "மண்ணுங்க, வெறும் எச்சி மண்ணு. இதுல போயி ஆண்டவனை இழுக்கலாமா? குப்பை எங்க இருந்தாலும் அது எங்களுக்குத்தான். என் சர்வீஸ்ல ஒரு குப்பையக்கூட நான் விட்டுக் குடுத்ததில்ல."

"போன மாசம் வேற மாதிரி சொன்னீங்களேங்க" என்றார் பெலிக்ஸ்.

"போன மாசம் எனக்கு இவ்வளவு தெளிவு இல்ல."

பெலிக்ஸுக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. இப்போது இரண்டு பேருமே சரக்கைக் கேட்கிறார்கள். யாராவது ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தார். ஆனால் இரண்டு பேருமே கூட்டைத் தொட மறுத்தார்கள். கேடயம் வாங்கும்வரை அது அங்கேயே முழுசாக இருக்க வேண்டுமாம்.

கள ஆய்வு நாளன்று மையத்தின் வேன் வந்தது. தாழ்வாரத்தின் அகலத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டினார்கள். 'உயிர்களில் நோக்கம் உண்டா? ஒரு திறந்த விவாதம்' என்று எழுதி, இரண்டு முனைவர்களின் படமும் போட்டிருந்தது. குளவியின் படம் இல்லை. நிலையத்தில் இருந்த ஒரே பெஞ்சில் முனைவர்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். பொறியாளரும் ஆய்வாளரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

குளவி பச்சைப்புழு ஒன்றைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியது.

"பாருங்கள்" என்றார் குழந்தைசாமி. "தான் பார்க்கவே போகாத பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுவருகிறது. இதைவிட நோக்கம் வேண்டுமா?"

"வாசனைக்கு இழுபடுகிறது" என்றார் எழிலரசன். "இரும்புத் துகள் காந்தத்திடம் போகிறது. அதற்கு நீங்கள் தாய்ப்பாசம் என்று பெயர் வைப்பீர்களா?"

"காந்தம் மூடி போடுமா?"

"மூடி என்பது உங்கள் வார்த்தை. காய்ந்த மண் என்பது என் வார்த்தை."

குளவி புழுவைப் புது அறையின் வாய்க்குள் திணித்தது. பாதி உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. வெளியே இழுத்து, திருப்பி, மறுபடி திணித்தது. கூட்டத்தில் அந்த நேரத்தில் வேலை செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

அப்போதுதான் ஷர்லி வாசலில் மொபெட்டிலிருந்து இறங்கினாள். ஒரு கை பெலிக்ஸின் தோளில் இருந்தது, இன்னொரு கை இடுப்பில். முகத்தைப் பார்த்ததும் மணிமேகலைக்குப் புரிந்துவிட்டது.

"எப்பல இருந்து?"

"விடியக்காலம் புடிச்சு லேசா இருந்துச்சுக்கா. இப்ப தாங்கல."

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். வண்டி வேறொரு பிரசவத்துக்குப் போயிருந்தது. திரும்பி வர நேரமாகும் என்றார்கள். மணிமேகலை ஷர்லியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அரவிந்த்குமாரிடம் போனார்.

"சார், சாவியைக் குடுங்க. கூட்டை நானே ஒடைக்கிறேன். பாவம் எனக்கு."

அரவிந்த்குமார் முனைவர்களைப் பார்த்தார். முனைவர்கள் கோப்பைப் பார்த்தார்கள்.

"விவாதம் நடந்துகொண்டிருக்கும்போது ஆதாரத்தை அழிப்பது..." என்று எழிலரசன் ஆரம்பித்தார்.

"வாஸ்தவம்" என்றார் குழந்தைசாமி. இரண்டு பேரும் ஒத்துப்போன அபூர்வமான சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

பெலிக்ஸ் அதுவரை எந்த ஆபீசிலும் குரலை உயர்த்தியதில்லை. வியாபாரத்தில் குரல் உயர்ந்தால் விலை இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். இப்போதும் உயர்த்தவில்லை. "ஐயா, கொஞ்சம் எந்திரிங்க" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினார். முனைவர்கள் மறுமுனைக்குச் சரிந்து எழுந்துகொண்டார்கள். மணிமேகலை பேனரின் கயிற்றை அறுத்து, அதையே இரண்டு தூணுக்கும் குறுக்கே திரையாகக் கட்டினார். திறந்த விவாதம் என்பது வெளிப்பக்கம் தெரிந்தது. உள்ளே பெஞ்சில் ஷர்லி, பக்கத்தில் மணிமேகலை. பெலிக்ஸ் வண்டியில் இருந்த புதுக் கொசுவலைகளை உறையோடு அடுக்கித் தலைக்கு வைக்கக் கொடுத்தார்.

"அவுங்களை அங்கிட்டுத் திரும்பச் சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து ஷர்லி கத்தினாள். அரசு அலுவலர்கள் நால்வரும் புளியமரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.

நேரம் போனது. பிறகு குழந்தை அழுதது.

"காற்று நுரையீரலுக்குள் புகும்போது குரல்நாண் அதிர்கிறது" என்று எழிலரசன் புளியமரத்திடம் சொன்னார்.

"இல்லை. தாயைக் கூப்பிடுவதற்காகவே அமைக்கப்பட்ட ஒலி" என்றார் குழந்தைசாமி, அதே மரத்திடம்.

"ரெண்டு பேரும் வாயை மூடுனீங்கன்னா பிள்ளை அழுகுறது எனக்குக் கேக்கும்" என்று திரைக்குப் பின்னாலிருந்து மணிமேகலையின் குரல் வந்தது.

பெண் குழந்தை. நல்ல எடை. ஆம்புலன்ஸ் வந்தபோது ஷர்லி சுக்குத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

சில வாரம் கழித்துக் கூட்டின் மூடிகள் ஒவ்வொன்றாக உள்ளேயிருந்து துளைக்கப்பட்டன. புதுக் குளவிகள் வெளியே வந்து, இறகை உலர்த்தி, யாரிடமும் எதுவும் சொல்லாமல் போய்விட்டன. எச்சமிருந்த மண் தானாக உதிர்ந்தது. அந்தக் கட்டடத்தில் பிரசவத்துக்கென்று தெரிந்தெடுத்த இடத்தில் சிரமமில்லாமல் பிரசவம் பார்த்துக்கொண்டது அந்தக் குளவி மட்டும்தான்.

துவாரம் காலி என்ற தகவல் போனதும் எல்லோரும் மறுபடி கூடினார்கள். அரவிந்த்குமார் சாவியை எடுத்துப் பூட்டில் நுழைத்தார். நுழைந்தது. திருப்பினார். திரும்பவில்லை. எண்ணெய் விட்டார்கள். அப்போதும் திரும்பவில்லை. அரவிந்த்குமார் சாவியில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் படித்தார். அது வேறோர் ஊரில், அவருடைய பிரிவே கட்டிய கால்நடை மருந்தகத்தின் சாவி.

முனைவர்கள் இருவரும் சாவியைக் கையில் வாங்கி, பூட்டோடு ஒப்பிட்டு, நீண்ட நேரம் ஆராய்ந்தார்கள். மையத்தின் வரலாற்றில் முதல் ஏகமனதான முடிவு அன்று எழுதப்பட்டது: இந்தச் சாவி இந்தப் பூட்டுக்காக உண்டாக்கப்பட்டது அல்ல.

சரியான சாவியைத் தேடத் தனிக் கோப்பு போட வேண்டியிருக்கவில்லை. இறுதி அறிக்கையிலேயே அதற்கு வழி இருந்தது. பிரசவ அறையின் நோக்கம் பிரசவம். அதன் வளாகத்தில் பிரசவம் நிகழ்ந்துவிட்டதால் நோக்கம் நிறைவேறியது என்று நோக்கப் பிரிவு எழுதியது. கட்டடம் என்பது செங்கல்லும் சிமெண்டும்; அவை இருந்த இடத்தில் இருப்பதால் குறை எதுவும் இல்லை என்று பருப்பொருள் பிரிவு எழுதியது. இரண்டையும் சேர்த்துப் படித்த மேலதிகாரி, அறை செயல்பாட்டில் உள்ளது, திறக்கத் தேவையில்லை என்று கையெழுத்திட்டார். கருத்தரங்கில் இருவருக்கும் பொதுவாகக் கிடைத்த கேடயத்தைப் பாதிப்பாதி நாள் வைத்துக்கொள்வதாகப் பொறியாளரும் ஆய்வாளரும் ஒத்துக்கொண்டார்கள்.

பேனரை யாரும் திரும்பக் கேட்கவில்லை. இப்போது அது பெலிக்ஸின் மொபெட்டில் கொசுவலைக் கட்டுகளை மழைக்கு மூடுகிறது. இரண்டு முனைவர்களும் கறம்பக்குடிச் சந்தைக்கு வாராவாரம் அப்படித்தான் வந்துபோகிறார்கள்.

தடுப்பூசி போட ஷர்லி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, தாழ்வாரத்தில் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். எதிரே பூட்டு தொங்கியது. ஒரு குளவி கால்களுக்கிடையே ஈரமண் உருண்டையோடு வந்து அதன்மேல் இறங்கி, துவாரத்தைச் சுற்றி நடந்து பார்த்தது.

"அக்கா" என்றாள் ஷர்லி, மெதுவாக.

மணிமேகலை பார்த்தார். பிறகு மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டு, ஊசியைக் கையில் எடுத்தார்.

"காலைக் கெட்டியாப் புடிச்சுக்க" என்றார்.